தைபேயின் சிறு உணவகங்களில் சைவ உணவுக்காரர் எப்படிக் கேட்டு வாங்குவது?

கேள்வி: அலுவலகப் பணிக்காக அடுத்த மாதம் தைபே சென்று ஆறு வாரம் தங்க இருக்கிறேன். முட்டையும் பாலும் சேர்த்துக்கொள்வேன். மீன், இறைச்சி கிடையாது. உடன் வரும் நண்பர் மாட்டிறைச்சியை மட்டும் தவிர்ப்பவர். அங்குள்ள சக ஊழியர்கள் மதிய உணவுக்குத் தெருமுனைச் சிறு கடைகளுக்குத்தான் அழைத்துச் செல்வார்கள் என்கிறார்கள். மொழி தெரியாத நாங்கள் அங்கே எப்படிச் சொல்லி வாங்குவது? மறுத்தால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? டிப்ஸ் வைக்க வேண்டுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தைபேயின் சிறு கடைகளில் டிப்ஸ் வைக்கும் வழக்கமே இல்லை. சற்றுப் பெரிய உணவகங்களில் பெரும்பாலும் 10 விழுக்காடு சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் தர வேண்டியதில்லை.

சைவத்தைப் பொறுத்தவரை, நீங்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறீர்களோ அதற்கேற்பத்தான் கிண்ணத்தில் உணவு வரும். 'இறைச்சி வேண்டாம்' என்று கைப்பேசியில் மொழிபெயர்த்துக் காட்டினால், சமைப்பவர் மேலே தூவும் இறைச்சித் துண்டுகளை விட்டுவிட்டு, பன்றி எலும்பு கொதித்த அதே சாற்றில் நூடுல்ஸைப் போட்டுத் தந்துவிடுவார். அவர் ஏமாற்றவில்லை, கேட்டதைத்தான் செய்திருக்கிறார். அதற்குப் பதிலாக 'ஸூ' என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். பௌத்தர்களும் 'யி குவான் தாவோ' என்னும் நெறியைப் பின்பற்றுவோரும் கடைப்பிடிக்கும் நோன்புணவை அது குறிப்பதால், கடைக்காரர் சாறு, கொழுப்பு, சாஸ் எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்து, பெரும்பாலும் 'இங்கே இல்லை' என்று நேர்மையாகக் கையை விரித்துவிடுவார். அந்த மறுப்பு உங்களுக்குச் செய்யப்படும் உதவி என்றே கொள்ள வேண்டும்.

'ஸூ' என்பதிலும் உட்பிரிவுகள் உண்டு. முழுமையான ஸூவில் முட்டை, பால் மட்டுமன்றி வெங்காயம், பூண்டு போன்ற காரமணக் காய்களும் விலக்கு; ஆகவே வெங்காயம் பூண்டு சேர்க்காத குடும்பத்தினர்கூடத் தயக்கமின்றிச் சாப்பிடலாம். உங்களைப் போல முட்டையும் பாலும் சேர்ப்பவர்களுக்கான பெயர் 'தான் நாய் ஸூ'. நம் காதுக்கு அது திடுக்கென்று ஒலித்தாலும், சீன மொழியில் 'தான்' என்றால் முட்டை, 'நாய்' என்றால் பால், அஞ்ச வேண்டியதில்லை. பொட்டலத்தில் விற்கப்படும் சைவ உணவுகள் இவற்றில் எந்தப் பிரிவைச் சேர்ந்தவை என்பதை அச்சிட வேண்டும் என்று தைவானில் விதி இருப்பதால், இந்தப் பெயரைச் சீன எழுத்தில் கைப்பேசியில் சேமித்து வைத்துக்கொண்டால், இரவில் பசித்தால் தெருவுக்குத் தெரு திறந்திருக்கும் இருபத்துநான்கு மணி நேரக் கடைகளிலும் பயன்படும்.

சைவக் கடைகளைக் கண்டுபிடிப்பது எளிது. பெயர்ப்பலகையில் பௌத்தச் சின்னமான ஸ்வஸ்திகம் இருந்தால் பெரும்பாலும் அது ஸூ கடைதான். அவற்றில் பல, நீளமான மேசையில் இருபது முப்பது வகைக் காய்களும் டோஃபுவும் பரப்பி வைத்த சுயசேவைக் கடைகள். அட்டைப் பெட்டியில் வேண்டியதை எடுத்துச் சென்று தராசில் வைத்தால் எடைக்கு ஏற்ற விலை சொல்வார்கள். கோழித்தொடை போலவும் மீன்துண்டு போலவும் தோற்றம் காட்டும் சில பண்டங்களைப் பார்த்ததும் பின்வாங்கிவிடாதீர்கள். அவை சோயாவிலும் கோதுமைப் புரதத்திலும் செய்தவை. சக ஊழியர்களை ஒருநாள் இத்தகைய கடைக்கு நீங்களே அழைத்துச் செல்லலாம். தைவானியர் பலர் மாதத்தில் சில நாட்கள் சைவம் உண்பவர்கள் என்பதால், அந்த அழைப்பு அவர்களுக்குப் புதுமையாக இராது.

இனி, அவர்கள் அழைத்துச் செல்லும் சாதாரணக் கடை. உள்ளே நுழைந்ததும் 'நேய் யோங்' (இங்கேயே சாப்பிட) அல்லது 'வாய் தாய்' (கட்டிக் கொடுக்க) என்று சொல்ல வேண்டும். பிறகு மேசையில் ஒரு சிறு தாள் கட்டும் குட்டைப் பென்சிலும் கிடக்கும். அதுதான் உணவுப் பட்டியல். வேண்டிய உணவின் எதிரே எண்ணிக்கையையும் மேலே மேசை எண்ணையும் எழுதிக் கல்லாவில் தர வேண்டும். பழைய கடைகளில், நாம் நான்கு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று இழுத்து ஐந்து என்று எண்ணுவது போல, ஐந்து கோடுகள் கொண்ட ஒரு சீன எழுத்தைக் கோடு கோடாக எழுதிக் கணக்கு வைப்பார்கள். உங்கள் தாளில் பாதி எழுத்து தெரிந்தால் குழம்ப வேண்டாம். சுவரோரக் கண்ணாடிப் பெட்டியில் 'சியாவ் ட்சாய்' எனப்படும் சிறு தட்டுகள் இருக்கும்: மசாலா நீரில் வெந்த முட்டை, கடற்பாசி, வெள்ளரி, வேர்க்கடலை. அவற்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம், தட்டுக்கு இவ்வளவு என்று விலை. இவற்றில் வெள்ளரியும் வேர்க்கடலையும் உங்களுக்கு ஏறக்குறைய எப்போதும் பொருந்தும். முட்டையையும் கடற்பாசியையும் இறைச்சி வேகும் பாத்திரத்திலேயே வேகவைக்கும் கடைகள் உண்டு.

சைவர்கள் ஏமாறும் இடம் வாட்டிய கீரைத் தட்டு. 'தாங் சிங் ட்சாய்' என்று பட்டியலில் இருப்பதைக் கீரைதானே என்று நம்பி நான் முதன்முறை கேட்டபோது, கொதிநீரில் அரை நிமிடம் வாட்டி எடுத்த அருமையான கீரையின் தலையில் ஒரு கரண்டி பன்றிக் கொத்திறைச்சிக் குழம்பு ஊற்றி வந்தது. அந்தக் குழம்பின் பெயர் 'ரோ ட்ஸாவ்'. 'பூ யாவ் ரோ ட்ஸாவ்' என்றால் அது வேண்டாம் என்று பொருள். பன்றிக் கொழுப்பைக் குறிக்கும் 'ஜூ யோ' என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கீரையின் மினுமினுப்புக்கும் வறுத்த சின்ன வெங்காயத்தின் மணத்துக்கும் பல கடைகளில் அதுவே காரணம். காலை உணவிலும் ஒரு கண் வேண்டும். இனிப்புச் சோயாப் பாலில் சிக்கலில்லை. ஆனால் உப்புச் சோயாப் பாலில் உலர்ந்த குட்டி இறாலைத் தூவுவது வழக்கம். எள் விழுதும் வெள்ளரித் துருவலும் கலந்த குளிர்ந்த நூடுல்ஸான 'லியாங் மியென்' கோடையில் உங்களுக்குக் கைகொடுக்கும். உடன் தரும் மிசோ சூப்பில் மீன்சாறு இருக்க வாய்ப்புண்டு என்பதால் அதை மட்டும் தள்ளிவைத்துவிடலாம்.

இவ்வளவு கண்டிப்பு உங்களுக்குத் தேவையா என்பதை நீங்களேதான் முடிவுசெய்ய வேண்டும். பொதுப் பாத்திரத்திலிருந்து காய்களை மட்டும் பொறுக்கி உண்போருக்குத் தைவானில் 'குவோ பியென் ஸூ', அதாவது பானை விளிம்புச் சைவம், என்று பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த அளவு விட்டுக்கொடுக்க முடிந்தால், அந்தப் பெயரைச் சொன்னாலே மேசையில் உள்ளவர்கள் புரிந்துகொண்டு சிரிப்பார்கள். முடியாதென்றால் 'ஸூ' என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். இரண்டுக்கும் இடையில் தடுமாறினால்தான் உடன் வந்தவர்களுக்குச் சங்கடம்.

உங்கள் நண்பரின் நிலை எளிது. ஏர் உழுத மாட்டைத் தின்பதில்லை என்ற எண்ணம் தைவானின் பழைய உழவர் குடும்பங்களில் இன்றும் இருப்பதால், 'வொ பூ ச்சூர் நியோ' (நான் மாட்டிறைச்சி உண்பதில்லை) என்றால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். இன்று தைபேயின் அடையாளமாகிவிட்ட மாட்டிறைச்சி நூடுல்ஸ்கூட, 1949-ஐ ஒட்டிச் சீனப் பெருநிலத்திலிருந்து வந்த படையினரின் குடியிருப்புகளிலும், அமெரிக்க உதவியாக வந்து குவிந்த கோதுமை மாவின் காலத்திலும் பரவியதுதான். அத்தகைய கடையில் வேறு நூடுல்ஸைக் கேட்டாலும் அதே மாட்டெலும்புச் சாற்றை ஊற்றுவது உண்டு. மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் வேகவைத்து உண்ணும் 'ஹாட்பாட்' காரமானதாக இருந்தால், அதில் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பதும் வழக்கம். பன்றியிறைச்சி அவருக்கு ஏற்புடையதானால் சோற்றின் மேல் கொத்திறைச்சிக் குழம்பு ஊற்றிய 'லூ ரோ ஃபான்', இல்லையேல் நல்லெண்ணெயும் சோயா சாஸும் அரிசி மதுவும் சேர்த்துத் துளசி வகை இலையுடன் வதக்கும் 'மூன்று கிண்ணக் கோழி' என இரண்டும் நல்ல தேர்வு.

சிறு கடைகளில் ரொக்கமே பாதுகாப்பு. நூறு தைவான் டாலர் தாள்கள் சிலவும் சில்லறையும் பையில் இருக்கட்டும். தண்ணீர் கேட்காமல் வராது, கேட்டாலும் சில இடங்களில் இராது என்பதால் பாட்டில் எடுத்துச் செல்லுங்கள். ரசீது கொடுத்தால் எறிந்துவிடாதீர்கள். அதிலுள்ள எண்ணே அரசின் குலுக்கல் சீட்டு. ஒற்றைப்படை மாதங்களின் 25ஆம் நாள் குலுக்கி, மிகப்பெரிய பரிசாக ஒரு கோடி தைவான் டாலர் தருகிறார்கள், வெளிநாட்டவரும் பெறலாம். மிகச் சிறிய கடைகள் அந்த ரசீதைத் தருவதில்லை.

மதியக் கடைகள் பல இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்து, மாலை ஐந்துக்குத்தான் மீண்டும் திறக்கும். தாமதமாகி 'வாய் தாய்' வாங்க நேர்ந்தால் அலுவலகத்திலேயே பிரித்துச் சாப்பிடுங்கள். தைபே மெட்ரோவில் சாப்பிடுவதும் தேநீர் குடிப்பதும் குற்றம், அபராதம் 1,500 தைவான் டாலரில் தொடங்குகிறது.