கோர்டோபாவை ஒரே பகல்ல முடிக்காதீங்க

மே மாசம் அம்மா அப்பாவோட ஸ்பெயின் போறோம், எல்லாரும் சைவம், செவில்ல இருந்து காலைல போய் சாயங்காலம் திரும்பற மாதிரி கோர்டோபா பாத்துடலாமான்னு ஒரு வாசகி கேட்டிருக்காங்க.

பாக்கலாம், அதிவேக ரயில்ல முக்கால் மணி நேரம்தான். ஆனா தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க. அந்த ஊரோட அருமையெல்லாம் காலைலயும் ராத்திரியும்தான், நடுவுல இருக்கறது வெயிலும் கூட்டமும், பகல்ல மட்டும் வந்துட்டுப் போறவங்களுக்கு அதுதான் மிஞ்சும். பழைய ஊருக்குள்ளயே ரூம் போட்டு ரெண்டு ராத்திரி தங்குங்க.

மசூதியும் கதீட்ரலும் ஒண்ணா இருக்கற மெஸ்கீத்தாவுக்கு ஞாயித்துக்கிழமை தவிர மத்த நாள்ல காலை எட்டரைக்குப் போனா வழக்கமா ஒன்பதரை வரைக்கும் டிக்கெட் இல்லாம விடுவாங்க, அந்த அமைதில பாக்கணும் அதை. 8ஆம் நூற்றாண்டுல மசூதியா கட்ட ஆரம்பிச்சது, 1523ல நட்ட நடுவுல கதீட்ரல் எழுப்ப ஆரம்பிச்சாங்க. தூண்ல நிறைய பழைய ரோமானிய கட்டடங்கள்ல இருந்து எடுத்தது, உயரம் பத்தல, அதனால ஒரு வளைவு மேல இன்னொரு வளைவு வச்சு கூரையை ஏத்திட்டாங்க, செங்கல்லும் வெள்ளைக் கல்லும் மாத்தி மாத்தி. அண்ணாந்து பாத்துட்டே நின்னுடுவீங்க.

பாத்தியோ திருவிழா மே முதல் ரெண்டு வாரத்துல வரும், அதுக்கேத்த மாதிரி தேதி போடுங்க. ஜனங்க சொந்த வீட்டு முற்றத்தைத் திறந்து விடறாங்க, காசு கிடையாது, 2012ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. சுவர் முழுக்க பூந்தொட்டி தொங்கும், உசரத்துல இருக்கறதுக்கு நீளமான கோல் நுனில தகர டப்பா கட்டி தண்ணி ஊத்துவாங்க. சான் பசீலியோ பக்கம்தான் நிறைய வீடு, காலைல பதினொண்ணுக்குத் திறக்கறப்பவே போய் நில்லுங்க, சாயங்காலம் க்யூ பெருசா இருக்கும், பெரியவங்களால நிக்க முடியாது. தெருவெல்லாம் கூழாங்கல் பதிச்சது, நல்ல ஷூ முக்கியம்.

சாப்பாட்டுக்கு சல்மொரேஹோ, தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைச்சு ஜில்லுனு கெட்டியா தருவாங்க, மேல முட்டையும் பன்னி இறைச்சியும் தூவிடுவாங்க, அதனால ஆர்டர் பண்றப்பவே "சின் ஹமோன், சின் உவேவோ"ன்னு சொல்லிடுங்க. கத்தரிக்காயைப் பொரிச்சு கரும்புப் பாகு ஊத்தித் தர்றது அம்மாவுக்குக் கண்டிப்பா பிடிக்கும். மதியச் சாப்பாடு ரெண்டு மணி வாக்குல, ராத்திரி எட்டரைக்கு முன்னாடி நிறைய கடைல சமையலே ஆரம்பிக்காது, அப்பாவுக்கு மாத்திரை நேரம் இருந்தா பைல பிஸ்கட் வச்சுக்கோங்க. மதியம் தூங்கிட்டு வெயில் தாழ ரோமன் பாலத்துக்குப் போங்க, வண்டி கிடையாது, அவங்க நிதானமா நடக்கலாம்.