ஓய்வு பெற்ற பந்தயக் குதிரையை நிலாவெளிக்குக் கொண்டுவரலாமா?

பந்தயத்திலிருந்து கழித்த குதிரை ஒன்றை நுவரெலியாவில் மலிவாகத் தருகிறார்கள், நிலாவெளிக் கடற்கரையில் சவாரி விட்டால் எனக்கும் வருமானம், அதற்கும் ஒரு வாழ்வு என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. கால்நடைத் துறையில் மாடும் எருமையும் ஆடுமாகவே என் காலம் போனது. குதிரையைப் பற்றிப் படிக்க வைத்தவர், இதே எண்ணத்தோடு ஒன்றை வாங்கி உப்புவெளியில் கட்டிய என் நண்பர்.

முதலில் அந்த மலிவு விலையைப் பார்ப்போம். பந்தயக் குதிரை இரண்டு வயதிலேயே ஓடத் தொடங்குகிறது. ஐந்து, ஆறு வயதுக்குள் பலவற்றின் ஓட்டம் முடிந்துவிடும். ஆயுளோ 25 ஆண்டுகளுக்கு மேலும் போகும். சம்பாதித்துக் கொடுத்த காலம் உரிமையாளருக்கு, தீனி போடும் காலம் உங்களுக்கு! பேர் பெற்ற குதிரைக்கே இந்தக் கணக்குத்தான். 1986இல் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டேர்பியை வென்ற பேர்டினண்ட் என்ற குதிரை ஜப்பானுக்கு விற்கப்பட்டது. 2002இல் அங்கேயே இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது. பிரிட்டனில் ஓய்வு பெற்ற குதிரைகளை வேறு வேலைக்குப் பழக்குவதற்கென்று பந்தயத் துறையே 2000ஆம் ஆண்டில் ஓர் அமைப்பை ஏற்படுத்தியது. சம்பாதித்தவர்களே செலவையும் ஏற்பதுதான் நியாயம் என்பேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே, குளிரில் இருக்கிறது. இங்கே கச்சான் காற்று வீசும் மாதங்களில் மனிதர்களே நிழல் தேடுகிறோம். வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வியர்வை இல்லையென்றால் அந்தப் பெரிய உடம்பின் சூடு இறங்க வழியில்லை.

தீனிதான் பெரிய சிக்கல். ஏறக்குறைய 450 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ அளவில் உலர்தீனி வேண்டும். என் நண்பர் மாட்டுக்காரர்கள் வெட்டும் கோ-3 புல்லையே வாங்கிப் போட்டார். இத்தகைய வெப்பமண்டலப் புற்களில் ஒக்சலேட் என்னும் இரசாயனப் பொருள் கூடுதல். மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி இல்லை. புல்லிலுள்ள கல்சியத்தை ஒக்சலேட் பிடித்துக்கொள்வதால், உடம்பு தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவத் தொடங்கும். சில மாதங்களில் அந்தக் குதிரை நொண்டியது, முகவெலும்பு தடித்தது. வயிறு நிறையத் தின்ற மிருகம் என்பதால் தீனியை யாரும் சந்தேகிக்கவில்லை.

மணலில் தீனியைக் கொட்டினால் அதோடு மணலும் உள்ளே போய்க் குடலில் படிந்து கடும் வயிற்றுவலியைக் கொடுக்கும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பிரெடரிக் கோட்டைப் பக்கத்து மான்கள் பொலித்தீன் தின்பதைப் பார்த்த ஊர்க்காரருக்கு நம் கடற்கரைக் குப்பையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

சவாரியும் சரிவராது. கடிவாளத்தை இழுத்தால் நிற்கும் என்று நினைப்பீர்கள். பந்தயக் குதிரை அந்த இழுவையில் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடப் பழகியது. மேலே ஒரு பிள்ளை இருந்தால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, பல குதிரைகள் பந்தயத்தை விடுவதே முன்னங்கால் தசைநாண் காயத்தால்தான். ஆழமான மணலில் அந்தக் காயம் மறுபடி கிளம்பும்.

குதிரையைச் சட்டம் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம். 1907இல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் விதித்த உச்ச அபராதம் 100 ரூபாய்.

இவ்வளவும் கேட்ட பிறகும் வாங்கத்தான் போகிறீர்களா? அப்படியானால் சவாரி வருமானத்தை மறந்துவிடுங்கள். குதிரை பார்த்துப் பழகிய மிருக வைத்தியரைக் கூட்டிப் போய் நான்கு கால்களையும் சோதியுங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டதற்கும், ஏன் ஓட்டத்தை நிறுத்தினார்கள் என்பதற்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆறேழு கிழமைக்கு ஒருமுறை குளம்பு சீவ யார் வருவார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். உங்களால் வைத்திருக்க முடியாமல் போனால் விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்துக் கேளுங்கள். தயங்கினால், பேரம் பேசாமல் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.