துவர்ப்பு நம் நாக்குக்குப் புதிதல்ல: ஆஸ்திரேலிய ஒயின் கேள்வி பதில்

கேள்வி: மெல்பர்ன் வந்து ஆறு மாசம் ஆச்சு. கடையில ஒரு சுவர் முழுக்க ஷிராஸ். எதை வாங்கினாலும் ஒரே மாதிரிதான் இருக்கு. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது அண்ணா?

ஒரு நேரத்தில் ஒரு பாட்டிலை மட்டும் திறந்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒப்பிட எதுவும் இல்லாதபோது நாக்கு "நல்லா இருக்கு", "நல்லா இல்லை" என்பதோடு நின்றுவிடும். இரண்டு பாட்டில் வாங்குங்கள், இரண்டும் ஷிராஸ் (சிவப்பு ஒயின் தரும் கருந்திராட்சை வகை), ஏறக்குறைய ஒரே விலை, ஒரே வருடம். ஒன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கு, மற்றது விக்டோரியாவின் கிராம்பியன்ஸ். ஒரே மாதிரியான இரண்டு கிளாஸில் 50 மி.லி. வீதம் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பரோசாவில் வெயில் அதிகம். பழம் நன்றாகக் கனிந்து சர்க்கரை ஏறும், அதனால் ஆல்கஹாலும் ஏறும். லேபிளில் 14.5 சதவீதம் என்று இருப்பது சாதாரணம். கருத்த பழம், சாக்லேட், வாயை நிறைக்கும் கனம். அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்ததென்றால் வெனிலாவோடு தேங்காய் வாசமும் வரும். அது மரத்திலிருந்து வருவது, திராட்சையிலிருந்து அல்ல. கிராம்பியன்ஸ் குளிர்ந்த இடம், பழம் மெதுவாகக் கனியும். வாயில் கனம் குறைவாக இருக்கும், புளிப்பு நிமிர்ந்து நிற்கும், மூக்கில் அப்போதுதான் இடித்த மிளகு.

இது வெறும் உவமை இல்லை. நம் அஞ்சறைப் பெட்டி மிளகின் வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறது என்று அடிலெய்டில் உள்ள ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையம் 2008இல் வெளியிட்டது. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசம் எவ்வளவு இருந்தாலும் எட்டாது. பக்கத்தில் இருப்பவர் "மிளகு, மிளகு" என்று சொல்லி உங்களுக்கு ஒன்றும் வரவில்லை என்றால் பயிற்சி போதவில்லை என்று நினைக்க வேண்டாம். பிறப்பிலேயே அப்படி இருக்கலாம்.

கேள்வி: சுவைக்கும் முறையைப் படிப்படியாகச் சொல்லுங்கள் சார். கிளாஸைச் சுழற்றுவதெல்லாம் தேவைதானா?

தேவைதான், ஆனால் முதலில் சுழற்றாமல் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். லேசான வாசங்களும் சில குறைகளும் அப்போதுதான் பிடிபடும். பிறகு நாலைந்து சுற்று சுற்றி மறுபடி முகருங்கள். கிளாஸ் மேலே குறுகலாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம். வாசம் தங்க இடம் வேண்டும். நிறம் பார்க்க வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பிடியுங்கள்.

ஒரு பெரிய தேக்கரண்டி அளவு வாயில் எடுத்து, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். ஐந்தாறு நொடி வாய் முழுக்க உருட்டிவிட்டுத் துப்புங்கள். துப்பிய பிறகு நான்கைக் கவனியுங்கள். தாடையோரம் எச்சில் எவ்வளவு ஊறுகிறது என்பது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் எவ்வளவு வறள்கிறது என்பது துவர்ப்பு. தொண்டையில் சூடு ஆல்கஹால். சுவை எத்தனை நொடி நிற்கிறது என்பது நீளம்.

துவர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டானின் என்று எல்லோரும் மலைப்பாகப் பேசுவது வேறொன்றுமில்லை, கொட்டைப்பாக்கை மென்றால், வாழைப்பூவை வேகாமல் கடித்தால் வாயை இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். அறுசுவையில் அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிற மொழி நம்முடையது. பாக்கின் கரடான துவர்ப்பா, நாவற்பழத்தின் மெல்லிய துவர்ப்பா என்று கேட்டுப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

சாம்பிராணி, ஊதுவத்தி எரிந்த அறையில் உட்கார வேண்டாம். பல் தேய்த்த கையோடும் வேண்டாம். துப்புவதற்கு வெட்கப்பட வேண்டாம், ஒயினரிகளில் அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். ஆறு ஒயினை 50 மி.லி. வீதம் விழுங்கினால், 14 சதவீதத்தில், சுமார் 33 கிராம் ஆல்கஹால். ஒன்றுக்குப் பத்து கிராம் என்ற ஆஸ்திரேலியக் கணக்கில் மூன்று ஸ்டாண்டர்ட் டிரிங்குக்கு மேல். கார் ஓட்டுபவர் துப்பியே ஆக வேண்டும்.

கேள்வி: பிளாக்கரன்ட், மல்பெரி என்றெல்லாம் பாட்டிலின் பின்னால் எழுதியிருக்கிறது. அந்தப் பழங்களைச் சாப்பிட்டதே இல்லை. எனக்கு எப்படிப் புரியும்?

சாப்பிடாத பழத்தை ஒயினில் தேடினால் கிடைக்காது. தெரிந்த வாசத்தின் பெயரைச் சொல்லுங்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் வரும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் எலுமிச்சைத் தோலும் நாரத்தங்காயும், மஸ்கட் என்ற இனிப்பு ஒயின் பழசானால் கருப்பட்டியும் பேரீச்சையும். அடுத்த முறை அதே வாசம் வரும்போது அதே சொல் உங்களுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

ஓர் உதாரணம்: கூனவாராவின் கேபர்னே சாவினான் என்ற சிவப்பு ஒயின். கூனவாரா, தெற்கு ஆஸ்திரேலியாவில் சுண்ணாம்புக்கல் மேல் மெல்லிய செம்மண் படிந்த ஒடுங்கிய நிலப்பட்டி. அந்த ஒயினில் 'மின்ட்' என்று எழுதுவார்கள். கிளாஸில் மூக்கை வைத்தவுடன் நமக்குத் தோன்றுவது சளிக்குத் தேய்க்கும் நீலகிரித் தைலம். அதுவே சரியான சொல். தைலத்தில் இருக்கும் சினியோல்தான் ஒயினிலும் இருக்கிறது, மரமும் ஆஸ்திரேலிய மரம்தான். தோட்டத்தை ஒட்டி யூகலிப்டஸ் நின்றால் பக்கத்து வரிசைக் கொடிகளில் அந்த வாசம் ஏறும். இயந்திர அறுவடையில் அதன் இலைகளும் பழத்தோடு தொட்டியில் விழும். சிவப்பு ஒயினைத் தோலோடு ஊறவைப்பதால் இலையின் எண்ணெயும் சேர்ந்து இறங்குகிறது, வெள்ளையில் சாறு பிழிந்து தனியே எடுத்துவிடுவதால் குறைவு. கொஞ்சம் இருந்தால் அழகு, பழத்தை மறைத்தால் குறை என்பது என் கருத்து. இதோடு ஒப்பிட மேற்கு ஆஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் கேபர்னே ஒன்றைத் திறங்கள். அங்கே தைலம் பெரும்பாலும் இருக்காது, காய்ந்த பிரிஞ்சி இலை மாதிரி ஒரு வாசம் வரும்.

கேள்வி: ஏழு வருஷ ரீஸ்லிங் திறந்தேன், மண்ணெண்ணெய் வாசம். கெட்டுப்போச்சா?

இல்லை. அந்த வாசத்துக்கு டிடிஎன் என்ற பொருள் காரணம். வெயில் படும் திராட்சைத் தோலில் அதன் மூலப்பொருள் கூடும், பாட்டிலில் வருடங்கள் ஆக ஆக அது டிடிஎன்னாக மாறும். கிளேர், ஈடன் பள்ளத்தாக்குகளில் வெயில் நிறைய, அதனால் அங்கே இது சகஜம். கிளேர்க்காரர்கள் பலர் 2000ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து கூட்டாகத் திருகு மூடிக்கு மாறினார்கள். கார்க் டிடிஎன்னை ஓரளவு உறிஞ்சும், திருகு மூடி உறிஞ்சாது. எலுமிச்சையும் தேனும் பின்னால் நின்று, மண்ணெண்ணெய் ஓரமாகத் தெரிந்தால் நல்ல முதிர்ச்சி. ஒரு வயதே ஆன ஒயினில் அதுவே ஓங்கி நின்றால் பழம் வெயிலில் வாடியிருக்கலாம்.

உண்மையான குறைகள் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி, பூசணம் பிடித்த சாக்கு வாசம் வந்தால் கார்க் நோய். காற்றாட வைத்தால் இன்னும் மோசமாகும், கடையில் திருப்பிக் கொடுங்கள். வினிகரோ நகப்பூச்சோ மூக்கைத் துளைத்தால் பாக்டீரியா வேலை. திருகு மூடியில் அதிகம் வருவது வேறொன்று: கிழித்த தீக்குச்சி, ரப்பர், அழுகிய முட்டை. காற்றுப் படாமல் கந்தகச் சேர்மங்கள் தங்கியதால் வருவது. ஜாடியில் ஊற்றி 20 நிமிடம் விட்டால் பெரும்பாலும் போய்விடும். சந்தேகமிருந்தால் சுத்தமான செம்புத் துண்டு ஒன்றைக் கிளாஸில் போட்டுக் கலக்கி முகர்ந்து பாருங்கள். வாசம் மறைந்தால் கந்தகம்தான். சோதித்த அந்தக் கிளாஸ் ஒயினைக் கொட்டிவிடுங்கள்.

கேள்வி: ஹண்டர் செமில்லான் உலகப் புகழ் என்றார்கள். எலுமிச்சைத் தண்ணீர் மாதிரி இருந்தது. ஏமாந்துவிட்டேனா?

இல்லை, செமில்லான் என்ற இந்த வெள்ளை ஒயினைச் சீக்கிரம் திறந்துவிட்டீர்கள். சிட்னிக்கு வடக்கே உள்ள ஹண்டர் பள்ளத்தாக்கில் கோடை மழைக்கு முன்பே, சர்க்கரை முழுதாக ஏறாத பழத்தைப் பறித்துவிடுவார்கள். ஆல்கஹால் 10, 11 சதவீதம்தான். ஓக் பீப்பாய் கிடையாது. இளசில் வெறும் புளிப்பும் எலுமிச்சையும்தான். அதே பாட்டில் பத்து வருடம் படுத்திருந்தால் பொன்னிறமாகி, நெய்யில் வாட்டிய ரொட்டியும் தேனும் மணக்கும். பீப்பாயையே பார்க்காத ஒயினில் வாட்டிய வாசம் வருவதுதான் இதன் அற்புதம். உலகில் வேறெங்கும் இந்த மாற்றம் இவ்வளவு தெளிவாக நடப்பதில்லை என்றே சொல்வேன்.

வீட்டில் வைத்துப் பழையதாக்க 13 முதல் 15 டிகிரி, ஏற்ற இறக்கம் இல்லாத இருட்டு வேண்டும். வெயில் காலத்தில் 30 டிகிரியைத் தாண்டும் சமையலறை அலமாரியில் வைத்தால் முதிராது, வெந்துபோகும். இடமில்லை என்றால் ஒயினரியே முதிர வைத்து விற்பதை வாங்குங்கள், டைரல்ஸ் ஒயினரியின் வாட் 1 செமில்லான் மாதிரி. இளசு மீதி இருந்தால் நன்றாகக் குளிர்வித்துப் பொரித்த மீனோடு குடியுங்கள்.

கேள்வி: சிவப்பு ஒயினை ரூம் டெம்பரேச்சரில்தானே குடிக்கணும்?

அந்தப் பேச்சு ஐரோப்பாவின் குளிர்ந்த அறையை வைத்து வந்தது. சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி சரி. அதற்கு மேல் சூடானால் ஆல்கஹால் முன்னால் வந்து பழத்தை அமுக்கிவிடும், பரோசா ஷிராஸ் ஜாம் மாதிரி ஆகிவிடும். கோடையில் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வையுங்கள். வெள்ளையில் ரீஸ்லிங், செமில்லான் 8 முதல் 10, ஷார்டனே 10 முதல் 12. டாஸ்மேனியாவின் ஸ்பார்க்ளிங், அதாவது நுரைக்கும் ஒயின், 6 முதல் 8. சிவப்பை அளவுக்கு மீறிக் குளிர்வித்தால் வாசம் அடங்கித் துவர்ப்பு கசப்பாகும்.

கேள்வி: செட்டிநாட்டு மட்டனோட என்ன குடிக்கலாம்?

பரோசா ஷிராஸ் வேண்டாம். ஆல்கஹால் மிளகாய் எரிச்சலைத் தூண்டும், துவர்ப்பு அதை வாயில் நிறுத்தும். ஆஸ்திரேலியாவுக்கே உரிய ஸ்பார்க்ளிங் ஷிராஸ் இருக்கிறது, கருஞ்சிவப்பில் நுரைக்கும், லேசான இனிப்பு. 10 முதல் 12 டிகிரியில் ஊற்றுங்கள், கறிக்கு ஈடு கொடுக்கும். புளி போட்ட குழம்பு என்றால் சற்றே இனிப்புள்ள ரீஸ்லிங். உணவின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடும்.

கேள்வி: லேபிளில் எதை நம்பலாம்?

ஒரே திராட்சை, ஒரே ஊர், ஒரே வருடம் என்று எழுதினால் ஒவ்வொன்றும் குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். இரண்டு திராட்சைப் பெயர் இருந்தால் முதலில் இருப்பது அதிகம். 'சவுத் ஈஸ்டர்ன் ஆஸ்திரேலியா' என்று மட்டும் இருந்தால் பல மாநிலப் பழங்கள் கலந்திருக்கலாம், ஊர் ருசி தேடாதீர்கள். 'ஓல்டு வைன்' (Old Vine, வயதான கொடி) என்பதற்குச் சட்ட வரையறை இல்லை. பரோசாக்காரர்கள் 2009இல் தாங்களாக ஒரு கணக்கு வகுத்தார்கள்: 35, 70, 100, 125 வயது என நான்கு படிகள். கொடியை அழிக்கும் ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வராததால்தான் அவ்வளவு வயதான கொடிகள் அங்கே பிழைத்திருக்கின்றன.

கேள்வி: இனிப்பு ஒயின் குடிப்பது ரசனைக் குறைவா?

ரதர்க்ளென் மஸ்கட்டை ஒருமுறை ருசித்தால் இந்தக் கேள்வி எழாது. வடகிழக்கு விக்டோரியாவில் திராட்சையைக் கொடியிலேயே உலர்ந்து சுருங்க விடுவார்கள். நொதித்தல் தொடங்கிய சற்று நேரத்தில் திராட்சைச் சாராயம் சேர்த்து நிறுத்திவிடுவார்கள், அதனால் சர்க்கரை அப்படியே நிற்கும். பிறகு பழைய பீப்பாய்களில், தகரக் கூரையின் வெக்கையில், வருடக் கணக்காகச் சுண்டவிட்டுப் பழசையும் புதுசையும் கலப்பார்கள். ரதர்க்ளென், கிளாசிக், கிராண்ட், ரேர் என நான்கு படிகள். முதலாவதில் ரோஜாவும் உலர்திராட்சையும். ரேர் என்றால் கருப்பட்டிப் பாகு, காப்பி, வறுத்த கொட்டை. கிளாஸைச் சாய்த்தால் விளிம்பில் ஆலிவ் பச்சை தெரியும், நீண்ட வயதின் அடையாளம்.

30 மி.லி. போதும், மெல்லத் துளித் துளியாக. ஆல்கஹால் 17, 18 சதவீதம். திறந்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்தால் சில வாரம் தாங்கும். மற்ற ஒயின்கள் அப்படி இல்லை: மீதியைச் சிறிய பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளுக்குள் முடியுங்கள்.