அனுசரித்துப் போகாதீர்கள்

கேள்வி: பள்ளியில் எப்போதும் முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. வகுப்பில் பாதிக்கு மேல் புரியவில்லை. இரவானால் வீட்டு நினைவு வந்து அழுகிறேன். வீட்டில் சொன்னால், ‘முதல் வருடம் அப்படித்தான் இருக்கும், அனுசரித்துப் போ’ என்கிறார்கள். எப்படி அனுசரித்துப் போவது?

பதில்: ‘அனுசரித்துப் போ’ என்ற தொடரோடு எனக்கு நெடுநாள் பகை உண்டு என்பதை இந்தப் பகுதியை விடாமல் படிப்பவர்கள் அறிவார்கள். வடமொழியிலிருந்து நம்மிடம் வந்த அச்சொல்லின் வேர்ப்பொருள் பின்தொடர்ந்து செல்லுதல். ஒருவர் முன்னே நடக்க மற்றவர் வாய் திறவாமல் பின்னே போவது. எங்கே புதிதாக யார் வந்தாலும் அவர் கையில் முதலில் கொடுக்கப்படுவது இந்தச் சொல்தான். உங்களிடம் அதைச் சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனாலும் நீங்கள் சேர்ந்திருக்கும் இடத்தின் பிறப்பையே மறந்துவிட்டுச் சொன்ன சொல் அது.

1088-ஐத் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடும் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தை எண்ணிப் பாருங்கள். சட்டம் படிப்பதற்காகத் தொலைதூர நாடுகளிலிருந்து அங்கே வந்த மாணவர்களுக்கு அந்நகரத்தில் குடியுரிமை இல்லை, கேட்பதற்கு நாதியில்லை. அந்த அந்நியர்கள் தங்களுக்குள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அதற்கு அவர்கள் வழங்கிய ‘யூனிவர்சிட்டாஸ்’ என்ற இலத்தீன் சொல் அக்காலத்தில் கட்டடத்தையோ பாடத்திட்டத்தையோ குறிக்கவில்லை, ஆட்களின் கூட்டத்தைக் குறித்தது. தலைவரை மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் நேரம் தவறி வந்தாலும், மணி அடித்த பின்பும் பாடத்தை இழுத்தாலும் அவருக்கு அபராதம் விதித்தார்கள். வீட்டை விட்டு வந்து, ஊர் புரியாமல், யாரையும் தெரியாமல் நின்றவர்கள் உண்டாக்கிய அமைப்பு அது. இன்று அதே நிலையில் நிற்கும் நீங்கள் அங்கே விருந்தாளி போல ஓரமாக ஒதுங்க வேண்டியதில்லை.

இரவில் அழுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். 1688-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது இளைஞர், வீட்டு ஏக்கத்தையே தம் ஆய்வேட்டின் பொருளாகக் கொண்டார். ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லை, திரும்பி வருதல், வலி என்னும் பொருளுடைய இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்து உருவாக்கியவர் அவரே. பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்து, படுத்த படுக்கையாகி, ஊருக்கு அனுப்பியபோது வழியிலேயே தேறிவிட்ட ஒரு மாணவனைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். ஒரு மாணவர் மற்றொரு மாணவரின் கண்ணீரை வலி என்று பெயரிட்டு மதித்து 300 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. நீங்கள் அதற்காக வெட்கப்பட என்ன இருக்கிறது? வீட்டாரோடு பேசுங்கள், பக்கத்து அறைக்காரியிடமும் சொல்லுங்கள், அவளும் சொல்லக் காத்திருக்கக்கூடும். ஆனால் உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனால் தயங்காமல் பல்கலைக்கழக மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

வகுப்பு புரியாததற்கு வருகிறேன். என் மனம் மிகவும் நோவது இங்கேதான். பள்ளியில் ஆசிரியர் திரும்பி வந்து உங்களை அழைத்துக்கொண்டு போவார். இங்கே ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் சொந்தப் படிப்பு என்ற கணக்கில்தான் பல பல்கலைக்கழகங்கள் பாடத்தை அமைக்கின்றன. முதலாமாண்டு மாணவருக்கு அந்தக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதனால் அவர் பேராசிரியரின் வாய்மொழியைக் கை வலிக்க எழுதி, தேர்வுக்கு முன் அதையே பத்து முறை படிக்கிறார். குரலுக்குப் பின்னே ஓடும் அந்தக் கையும் அனுசரிப்புதான். 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரத்துக்குப் பின் வைத்த தேர்விலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஆகவே வகுப்பு முடிந்த அன்றே நோட்டை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுதுங்கள். எந்த இடத்தில் பேனா நிற்கிறதோ அந்த இடத்தை அடிக்கோடிட்டு வையுங்கள்.

நானும் முதலாமாண்டில் மூன்று மாதங்கள் ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் பேசாமல் இருந்ததால், எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று எண்ணினேன். பிறகு ஒரு மாலையில் கணிதப் பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றேன். ‘ஒன்றும் புரியவில்லை ஐயா’ என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, ‘ஒன்றும் என்றால் என்னால் உதவ முடியாது, எந்த வரியில் நின்றீர்கள் என்று காட்டுங்கள்’ என்றார். நோட்டைத் திறந்து தேடினேன், மூன்றாவது வரி. அவர் பென்சிலால் அந்த வரிக்கும் அடுத்ததற்கும் இடையே, கரும்பலகையில் தாம் எழுதாமல் தாண்டிப் போயிருந்த இரண்டு படிகளைப் பொடி எழுத்தில் எழுதினார். எழுதி முடித்ததும், ‘வகுப்பிலேயே கேட்டிருந்தால் அறுபது பேருக்குப் பயன்பட்டிருக்குமே’ என்றார். மறுநாள் அந்த இரண்டு படிகளைப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினேன். அவர் அவசரமாகத் தம் நோட்டைப் பிரித்தார். அவரும் அதே மூன்றாவது வரியில்தான் நின்றிருந்தார்.

இந்த வாரம் அடிக்கோடிட்ட தாளோடு ஒரு பேராசிரியரின் அறைக்குப் போங்கள். எந்த வரியில் நின்றீர்கள், அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.