பதில்: ரத ஊர்வலத்துக்கு 'பேஜண்ட்' சரியா?

சுங்கை சிப்புட் தோட்டக் கோயில் திருவிழா நோட்டீஸில் ரத ஊர்வலத்துக்கு 'பேஜண்ட்' (pageant) என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டதும், "அது அழகிப் போட்டியாச்சே" என்று உங்கள் மகன் சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். சிரிக்கத் தேவையில்லை ஐயா. அழகிப் போட்டி அர்த்தம் பிற்பாடு ஒட்டிக்கொண்டதுதான்.

இடைக்கால இங்கிலாந்தில் அந்தச் சொல் பைபிள் நாடகத்தின் ஒரு காட்சிக்கும், அதை ஏற்றிப்போன சக்கர மேடைக்குமே பெயர். 'பக்கம்' என்று அர்த்தமுள்ள லத்தீன் 'பாகினா'வோடு அகராதிகள் முடிச்சுப் போடுகின்றன. யார்க் நகரில் ஒவ்வொரு தொழில் சங்கத்துக்கும் ஒரு நாடகம். நோவா பேழை கட்டுகிற காட்சி கப்பல் கட்டுகிற ஆட்களுக்கு! வண்டி தெருத்தெருவாக நின்று நின்று போகும். 1569இல் அங்கே கடைசி ஆட்டம். நம்ம ஊரில் லோரியை ஜோடித்து ரதமாக்கி, வீட்டுக்கு வீடு நிறுத்தி அர்ச்சனை எடுக்கிறோமே, கிட்டத்தட்ட அதே நடை.

ஆனாலும் இன்றைக்குப் படிப்பவர்களுக்குக் கிரீடம்தான் கண்ணில் வரும். அதனால் 'சேரியட் புரொசெஷன்' என்றே அச்சுக்குக் கொடுங்கள்.