ஜெர்மானியர்கள் ஓய்வுபெற்றதும் ஸ்பெயின் போன்ற வெயில் நாடுகளுக்குக் குடிபோகிறார்களே, அங்கே நிம்மதியாக இருக்கிறார்களா?

நடமாட முடிகிற வரைக்கும் பெரும்பாலானவர்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். படுத்துவிட்டால் யார் பார்த்துக்கொள்வது என்று யோசிக்காமல் வீடு வாங்கியவர்கள்தான் பிறகு ரொம்பக் கஷ்டப்படுகிறார்கள். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு குடும்பத்தை வைத்தே சொல்கிறேன், அதுதான் எனக்கு நேராகத் தெரியும்.

நான் ஜெர்மனியில் பிரேமன் நகரத்தில் 16 வருடமாக இருக்கிறேன். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு தம்பதி இருந்தார்கள். அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அந்த அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். என் மகள் பேசத் தொடங்கிய நாளிலிருந்து அவர்களை ஓப்பா, ஓமா என்றே கூப்பிடுவாள். ஜெர்மனில் தாத்தா, பாட்டி. கேட்டுக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். 2015இல் ஓப்பா ஓய்வுபெற்றார். அடுத்த வருடமே வீட்டை விற்றுவிட்டு ஸ்பெயினின் கிழக்குக் கரையில், கோஸ்டா பிளாங்காவில், டேனியா என்ற ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஏன் போகிறார்கள் என்றால் எல்லோரும் குளிர் என்றுதான் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் வீட்டுக்குள் குளிரே தெரியாது, அந்த அளவுக்கு நன்றாகக் கட்டுவார்கள். தாங்க முடியாதது இருட்டு. டிசம்பரில் பிரேமனில் காலை எட்டரைக்கு மேல்தான் விடியும், சாயங்காலம் நாலு மணி தாண்டியதும் சூரியன் போய்விடும். இடைப்பட்ட அந்த ஏழரை மணி நேரமும் மேகம் மூடியேதான் கிடக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் ஓமா பேசுவதே குறைந்துவிடும். மார்ச்சில்தான் மறுபடி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து என்ன சமையல் என்று கேட்பார். ஓப்பாவுக்கு முழங்கால் மூட்டுவலி, ஈரக்காற்று அடித்தால் படி ஏற மாட்டார். இதோடு பென்ஷன் கணக்கும் உண்டு. ஜெர்மன் அரசுப் பென்ஷன் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எங்கே போய் இருந்தாலும் குறையாமல் வரும், ஸ்பெயினில் அதே பணம் இன்னும் கொஞ்சம் இழுத்து வரும். விசாவும் தேவையில்லை. அதற்கெல்லாம் மேலே, இருபது வருடமாக விடுமுறைக்குப் போய்வந்த ஊர், தெரிந்த ஊர் என்ற தைரியம்.

அந்தத் தைரியத்தில்தான் ஆபத்து இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவர்களுக்குத் தெரிந்தது மே மாத டேனியாவும் செப்டம்பர் மாத டேனியாவும்தான். ஜனவரி டேனியாவை அவர்கள் பார்த்ததே இல்லை.

நான் முதல் தடவை போனது ஒரு ஜனவரியில். பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் 17 டிகிரி, அருமையான வெயில், எதிரே மோன்ட்கோ மலை, அந்தப் பக்கம் கடல். சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணிக்கு வீட்டுக்குள் வந்தால் 13 டிகிரி! அந்தக் கரையோர வீடுகள் பல கோடைக்காகக் கட்டியவை. தரை முழுக்க டைல்ஸ், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி, சுவருக்குள் வெப்பக்காப்பு எதுவும் கிடையாது, ஹீட்டரும் கிடையாது. ஓப்பா ஒரு சக்கரம் வைத்த இரும்பு அடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் முதுகில் ஆரஞ்சு நிற கேஸ் சிலிண்டர், பன்னிரண்டரை கிலோ. சமையலறையில் இருந்தால் அங்கே தள்ளுவார்கள், டிவி பார்த்தால் இங்கே. அலமாரியில் வைத்திருந்த அவருடைய தோல் ஷூவை ஓமா எடுத்துக் காட்டினார், பச்சையாகப் பூசணம் பூத்திருந்தது. வெளியே போனால் வெயில், உள்ளே வந்தால் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். இருந்தாலும் ஓமா பேசிக்கொண்டே இருந்தார், ஜனவரியில்! அதைப் பார்த்தபோது இவர்கள் எடுத்தது சரியான முடிவு என்றுதான் எனக்குத் தோன்றியது.

காகித வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஜெர்மனியில் வீட்டைக் காலி செய்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் போய்ப் பெயரை நீக்க வேண்டும். ஸ்பெயினில் வெளிநாட்டவருக்கான அடையாள எண் வாங்க வேண்டும், ஊராட்சிப் பதிவேட்டில் சேர வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் தங்கினால் ஐரோப்பியக் குடிமகன் என்று பதிந்து சான்றிதழ் வாங்க வேண்டும். மருத்துவத்துக்கு எஸ் 1 என்று ஒரு படிவம் இருக்கிறது. ஜெர்மன் இன்சூரன்ஸுக்குக் கட்டும் பணத்தைக் கட்டிக்கொண்டே ஸ்பெயின் அரசு மருத்துவமனையில் உள்ளூர்க்காரர் மாதிரி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். வரிதான் கொஞ்சம் சிக்கல். வருடத்தில் 183 நாளுக்கு மேல் இருந்தால் ஸ்பெயினில் வரி கட்ட வேண்டும், உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானத்துக்கும். 2015 முதல் பென்ஷன் வாங்கத் தொடங்கியவர்களிடம் ஜெர்மனியும் தன் பங்குக்கு ஐந்து சதவீதம் வரை எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு நாடுகளுக்கும் ஒப்பந்தம். அந்தக் கணக்கையெல்லாம் ஜெர்மனியில் நோய்பிராண்டன்புர்க் என்ற ஊரில் இருக்கும் ஒரே வரி அலுவலகம் பார்க்கிறது. ஜெர்மன் வங்கியில் 50,000 யூரோவுக்கு மேல் வைத்திருந்தால் அதையும் ஸ்பெயினுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு கணக்காளரைப் பிடித்தால் முடிந்துவிடும், இதற்காக யாரும் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

உண்மையான சிக்கல், அவர்கள் வீடு இருந்த இடம். மலைச்சரிவில் வெளிநாட்டுக்காரர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு, கடல் தெரியும் என்பதற்காகவே வாங்கினார்கள். ரொட்டிக்கடைக்கு நாலு கிலோமீட்டர், பஸ் கிடையாது. சுற்றிலும் ஜெர்மானியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர். டாக்டர் ஜெர்மன் பேசுவார், ரொட்டிக்கடைக்காரர் ஜெர்மன் பேசுவார், ஞாயிற்றுக்கிழமை ஜெர்மன் மொழியில் ஆராதனை, வாராவாரம் ஜெர்மன் பத்திரிகை. ஆறு வருடத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து முப்பது ஸ்பானிஷ் சொல் தெரிந்திருந்தால் அதிகம். காரை ஓப்பா மட்டும்தான் ஓட்டுவார். ஓமாவிடம் லைசென்ஸ் இருந்தது, ஆனால் ஸ்டியரிங்கைத் தொட்டு இருபது வருடம்.

2022 அக்டோபரில் ஓப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

ஆம்புலன்ஸ் வந்தது, நல்ல வைத்தியம் நடந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பெயின் மருத்துவமனையில் நோயாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருப்பார்கள். குடும்பத்தில் ஒருவர் ராத்திரியும் கூட இருப்பார் என்பது அங்கே வழக்கம். நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஜெர்மனியில் பார்வை நேரம் முடிந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மற்றதை நர்ஸ் பார்த்துக்கொள்வார். முதல் நாள் ராத்திரி ஓமா விடைபெற்று எழுந்தபோது நர்ஸுக்கும் புரியவில்லை, ஓமாவுக்கும் புரியவில்லை. பக்கத்துக் கட்டில்காரரின் மகள்தான் கையைப் பிடித்து அந்த நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு போர்வையும் கொடுத்தாராம். பதினொரு ராத்திரி அந்த நாற்காலியில் தூங்கியிருக்கிறார். டாக்டர் வந்து பேசும்போதெல்லாம் கைபேசியை நீட்டி மொழிபெயர்ப்பைப் படித்துக்கொண்டு, ஒரு சொல் தப்பாக வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே இருந்ததாக எனக்குப் போனில் சொன்னார். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு என்னால் என்ன செய்ய முடியும் என்று அன்றைக்கு நான் அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பராமரிப்புப் பணத்தின் கணக்கு தெரிந்தது. வெளிநாடு போக நினைக்கும் ஒவ்வொரு ஜெர்மன் தம்பதியும் இந்த இடத்தைத்தான் இரண்டு தடவை படிக்க வேண்டும். ஜெர்மனியில் 1995 முதல் முதுமைப் பராமரிப்புக்கென்று தனி இன்சூரன்ஸ் இருக்கிறது. நோயாளியின் நிலையைப் பார்த்து ஒன்று முதல் ஐந்து வரை படிநிலை கொடுப்பார்கள். ஓப்பாவுக்கு மூன்று. ஜெர்மனியில் இருந்தால் குளிப்பாட்ட, உடை மாற்ற வீட்டுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்துக்கு, 2025 கணக்குப்படி, மாதம் 1,497 யூரோ வரை இன்சூரன்ஸ் நேராகக் கொடுக்கும். குடும்பமே பார்த்துக்கொண்டால் கையில் 599 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்தின் வேறு நாட்டுக்குக் குடிபோய்விட்டால் அந்த இரண்டாவது தொகை மட்டும்தான் பின்னாலேயே வரும், முதலாவது எல்லையைத் தாண்டாது. அத்தனை வருடம் சந்தா கட்டிய மனிதருக்குப் பாதிக்கும் குறைவு. சட்டத்துக்குக் காரணம் இருக்கலாம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

பணம் போதாமல் ஓமா உள்ளூரிலேயே தேடி, ஒரு கொலம்பியப் பெண்ணைப் பகல் வேலைக்கு வைத்தார். அந்தப் பெண்ணுக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. இனி வேறு வழியில்லை. 71 வயதில் ஓமா கட்டிலோரத்தில் நின்றுகொண்டு ஸ்பானிஷ் கற்கத் தொடங்கினார். அகுவா என்றால் தண்ணீர், டோலோர் என்றால் வலி, டெஸ்பாசியோ என்றால் மெதுவாக. ஒவ்வொரு சொல்லையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார், நான் பார்த்தேன். முதல் பக்கம் முழுக்க உடம்பு சம்பந்தப்பட்ட சொற்கள். ஐந்தாவது ஆறாவது பக்கத்தில்தான் உப்பு, வெங்காயம், பூண்டு, அப்புறம் அந்தப் பெண்ணின் இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாள்.

2024 மார்ச்சில் ஓப்பா இறந்தார். அங்கே ஒரு நாள், இரண்டு நாளுக்குள் அடக்கம் முடிந்துவிடும். நமக்கு இது பழக்கம், ஜெர்மனியிலோ ஒரு வாரம், இரண்டு வாரம்கூட ஆகும். ஹனோவரில் இருக்கும் அவர்களுடைய மகள் கடைசி நேரத்தில் வந்து சேர்ந்தார். மண்ணில் புதைக்கவில்லை, கல்லறைச் சுவரில் அடுக்கடுக்காக இருக்கும் அறைகளில் ஒன்றில் பெட்டியை வைத்து வாயை அடைத்துவிட்டார்கள். மூன்றாவது வரிசை. பூ வைக்க ஓமாவுக்குச் சின்ன ஏணி வேண்டியிருக்கிறது, அதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் திரும்பி வருகிறார்கள். ஓமாவும் யோசித்தார். ஆனால் பிரேமன் வீடு விற்றாகிவிட்டது, இன்றைய வாடகையை ஒரு விதவைப் பென்ஷனில் கட்டுவது கஷ்டம். கணவர் பென்ஷனில் 60 சதவீதம்தான் வரும், அதிலும் அவருடைய சொந்தப் பென்ஷனைப் பார்த்துக் கழிப்பார்கள். அவர் செய்தது, மலைவீட்டை விற்றுவிட்டுக் கீழே ஊருக்குள், சந்தைக்கு இரண்டு தெரு தள்ளி, லிஃப்ட் இருக்கிற கட்டடத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கினார். சுற்றிலும் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். கடல் தெரியாது.

ஆகவே உங்கள் அக்கம்பக்கத்தில் யாராவது ஜெர்மானியர் போகிறேன் என்று சொன்னால் நான் சொல்வதைச் சொல்லுங்கள். முதலில் ஒரு குளிர்காலம் முழுக்க வாடகைக்கு இருந்து பாருங்கள். கார் இல்லாமல் ரொட்டி வாங்க முடிகிற இடமாகப் பாருங்கள். இங்கே உள்ள வீட்டை விற்காமல் வாடகைக்கு விட முடிந்தால் விடுங்கள். மொழியை உடம்பு நன்றாக இருக்கும்போதே படியுங்கள். ஐரோப்பாவுக்கு வெளியே போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தாய்லாந்தில் 50 வயது ஆனால் ஓய்வு விசா கிடைக்கும், வங்கியில் 8 லட்சம் பாட் அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்டினால் போதும், ஆனால் ஜெர்மன் அரசு மருத்துவ இன்சூரன்ஸ் அங்கே செல்லாது, அறுபது வயதுக்கு மேல் தனியார் இன்சூரன்ஸ் எடுப்பது பெரிய செலவு. பென்ஷன் போதாமல் அரசின் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இந்த வழியே கிடையாது, தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் அது நின்றுவிடும். உண்மையில் ஜெர்மன் பென்ஷனோடு வெளிநாட்டில் இருக்கும் ஜெர்மானியர்கள் ஸ்பெயினைவிட ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும்தான் அதிகம், மொழி ஒன்று என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

போன ஜனவரியில் மகளோடு போயிருந்தேன். புது ஃபிளாட்டில் சுவரில் ஹீட்டரோடு கூடிய ஏசி மாட்டியிருந்தார், ஷூவில் பூசணம் இல்லை. எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டி ஒரு பை ஆரஞ்சு கொடுத்துவிட்டு, ஓமாவோடு வாசலிலேயே கால் மணி நேரம் பேசினார். எனக்கு அதில் பாதிகூடப் புரியவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தவரிடம், பிரேமனுக்கே வந்துவிடுங்களேன், எங்கள் பக்கத்திலேயே வீடு பார்க்கலாம் என்று நான் மனதாரக் கேட்டேன். அவர் கடிகாரத்தைக் காட்டினார். மணி ஐந்தரை. சமையலறை மேஜை மேல் இன்னும் வெயில் இருந்தது. அங்கே இந்நேரம் விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லிவிட்டு ஆரஞ்சை உரிக்க உட்கார்ந்தார்.