கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட்டில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே குடியும் தற்கொலையும் அதிகம் என்கிறார்களே, குடும்பத்தோடு போகலாமா?

போகலாம். கேள்வியைப் பார்த்தால் நீங்கள் டொரொண்டோவில் ஸ்காபரோ பக்கம் இருக்கிறீர்கள், இணையத்தில் எதையோ பார்த்துவிட்டு வீட்டில் அழுகை நடக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதே கூத்துதான். நான் நுனாவுட்டின் தலைநகர் இகாலுவிட்டில் கணக்கு வேலை பார்த்தவன், ஆய்வாளன் இல்லை. "அங்குள்ள பூர்வகுடிகளான இனுவிட் மக்களைப் பற்றிக் கதைக்க நீ யார்?" என்று கேட்க வருபவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

நீங்கள் கேள்விப்பட்டதில் பொய்யில்லை. தற்கொலை வீதம் கனடாவின் சராசரியைவிடப் பல மடங்கு, அதிலும் இளம் பிள்ளைகள். 2015இல் பிரதேச அரசே இதை ஒரு நெருக்கடி என்று அறிவித்தது. சில ஊர்களில் வாக்கெடுப்பு வைத்து மதுவைத் தடை செய்திருக்கிறார்கள். அங்கே கள்ளத்தனமாக விற்கும் ஒரு வொட்கா போத்தல் நூற்றுக்கணக்கான டொலருக்குப் போகும். ஆனால் "அந்தச் சனம் அப்படித்தான்" என்று நம்மவர்கள் சொல்லும்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேட்டையாடி வாழ்ந்தவர்களை 1950, 60களில் ஓரிடத்தில் குடியேற்றி, பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பியது யார்? கனடா அரசுதானே? இன்றைக்கும் பாதிக்கு மேற்பட்ட சனம் அரசாங்க வீடுகளில்தான், பலர் நெருக்கியடித்துக்கொண்டு. உங்களுக்கோ வேலையோடு வீடும் கிடைக்கலாம். அக்கம்பக்கத்தார் அதைக் கவனிப்பார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

2021 ஒக்டோபரில் இகாலுவிட்டின் குழாய்த் தண்ணீரில் எரிபொருள் கலந்துவிட்டது. தேத்தண்ணி போட்டால் மண்ணெண்ணெய் வாடை. 12ஆம் திகதி அவசரநிலை. குடிக்கக் கூடாது என்ற உத்தரவு டிசம்பர் 10 வரை நீடித்தது. தெற்கிலிருந்து விமானத்தில் போத்தல் தண்ணீர் வந்தது. அது வரும்வரை? பக்கத்து வீட்டுப் பெடியன், முன்பு எங்களோடு தலையசைப்போடு சரி, சில்வியா கிரினெல் ஆற்றில் நிரப்பிய இரண்டு நீலக் கான்களை எங்கள் வாசலில் வைத்துவிட்டு, "கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்றான். காசை நீட்டினேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

அப்புறம் ஊர் விருந்து. தரையில் கார்ட்போர்ட் விரித்து, உறைந்த சார் என்ற மீனும் பச்சைக் கரிபூ (பனிமான்) இறைச்சியும் அப்படியே கிடக்கும். சுற்றி உட்கார்ந்து வெட்டிச் சாப்பிட வேண்டியதுதான். ஒரு பாட்டி பிறை வடிவ உலுக் கத்தியால் மீனைச் சீவி என் மகளிடம் நீட்டினார். அவள் வாங்கி மென்றுவிட்டு, "சோறு இல்லையா?" என்று தமிழில் கேட்டாள். (சைவக்காரர்கள் இங்கே சண்டைக்கு வராதீர்கள்.) வேட்டையில் கிடைத்ததை விற்காமல் பங்கிடும் வழக்கம் இன்னும் சாகவில்லை. கடையில் மரக்கறி விலையைப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

எனக்கு அங்கே கசப்பென்றால் அந்த ஊர்ச் சனத்தோடு இல்லை, ஒட்டாவாவில் இருக்கும் ஒரு சரக்கு முகவரோடு. அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள் பெட்டியை வாரக்கணக்கில் கிடங்கில் போட்டு, வெடித்த நிலையில் அனுப்பினார்கள். கேட்டால் "வானிலை" என்றார்கள். எந்த வானிலை பெட்டியை மிதித்தது? நட்டஈடு இன்னும் வரவில்லை. வெளியிலிருந்து அந்த ஊருக்குத் தரைவழிப் பாதையே இல்லை. அரிசி, பருப்பைக் கோடையில் வரும் கப்பலில் போடுங்கள். தூளை மட்டும் கைப்பையில் கொண்டுபோங்கள்.